ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் வீக்கத்தை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்க முடியுமா?

கேள்வி: கயல்

அனைவருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு 11 வயது ஆகிறது. சிறு வயதிலேயே இளைப்பு தொடங்கிவிட்டது. ஆஸ்துமா என்று உறுதிசெய்த குழந்தைநல மருத்துவர் எழுதிக்கொடுத்த புடசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை ஸ்பேசர் வைத்துக் காலையிலும் இரவிலும் எடுத்து வருகிறாள். கடந்த சில மாதங்களாக இரவு இருமல் இல்லை. பள்ளியில் கோ-கோ ஆடுகிறாள். மழைக்காலத்தைக்கூட நெபுலைசர் தேவைப்படாமல் கடந்துவிட்டாள். இவ்வளவு நன்றாக இருக்கும் பிள்ளைக்கு ஸ்டீராய்டு எதற்கு, நிறுத்திவிடலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மருத்துவரோ, அறிகுறிகள் அடங்கிவிட்டாலும் மூச்சுக்குழாயின் உட்சுவரில் வீக்கம் மிச்சமிருக்கலாம் என்றும், அவசரப்பட்டு நிறுத்தினால் மறுபடியும் தாக்குதல் வரும் என்றும் சொல்கிறார். இரு பக்கப் பேச்சையும் கேட்டுக்கொண்டு நடுவில் நிற்பது நான்தான்.

இந்த நேரத்தில் எங்கள் ஊரிலுள்ள ஒரு ஸ்கேன் மையத்தின் துண்டறிக்கை கைக்குக் கிடைத்தது. கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட் முறையில் ஆஸ்துமா நோயாளிகளின் நுரையீரல் வீக்கத்தைப் பரிசோதித்துச் சொல்வதாக அதில் போட்டிருக்கிறார்கள். வயிற்றுக்கு எடுப்பதுபோல் வலியில்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றார்கள். வீக்கம் இருக்கிறதா இல்லையா என்று படத்திலேயே தெரிந்துவிட்டால் வீட்டில் நடக்கும் வாதமும் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் மருத்துவர் ஒருமுறைகூட இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசியதில்லை. இது உண்மையிலேயே பயன்படும் பரிசோதனையா? பயன்படாது என்றால், எதனால் என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லும் அளவுக்கு விளக்க முடியுமா? இதற்குப் பதிலாக சிடி ஸ்கேன் எடுப்பது பொருத்தமாக இருக்குமா?

பதில்: எதிரொலி (கதிரியல் மருத்துவர்)

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மார்பின் மேல் கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டில், ஆஸ்துமாவால் தடித்த மூச்சுக்குழாய்ச் சுவரைப் பார்க்க முடியாது. நல்ல கருவி, அனுபவமுள்ள கை, அமைதியாகப் படுத்திருக்கும் குழந்தை என எல்லாம் அமைந்தாலும் முடியாது. காரணம் ஒலியின் இயல்பிலேயே இருக்கிறது.

நம் உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அடர்த்தியும் விறைப்பும் வேறுபட்ட இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் அதன் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அந்த எதிரொலியை வைத்துத்தான் கருவி படம் வரைகிறது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள எல்லையில் திரும்புவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி ஒலி உள்ளே சென்றுகொண்டே இருப்பதால் ஆழத்திலுள்ள உறுப்புகளையும் காண முடிகிறது. திசுவும் காற்றும் சந்திக்கும் இடத்திலோ 99.9 சதவீத ஒலி அப்படியே திரும்பிவிடுகிறது. ஸ்கேன் எடுக்கும்போது தோலில் குளிர்ந்த ஜெல்லைத் தடவுவது எதற்காக என்றால், கருவிக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் காகிதம் அளவுக்கு மெல்லிய காற்றுப்படலத்தை நீக்குவதற்காகத்தான். அந்தப் படலமே படத்தை முழுவதும் மறைத்துவிடும். அப்படியிருக்க, நுரையீரல் என்பது காற்று நிரம்பிய கோடிக்கணக்கான நுண்ணறைகளின் தொகுதி. ஒலி அதன் மேற்பரப்பைத் தொட்டவுடனேயே திரும்பிவிடுகிறது.

ஆகவே நலமான நுரையீரலின் மேல் கருவியை வைத்தால் திரையில் என்ன தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். மேலே தோல், கொழுப்பு, தசை. இரு பக்கமும் விலா எலும்புகளின் கருநிழல். அவற்றுக்கு நடுவே, நுரையீரல் உறையைக் காட்டும் பளிச்சென்ற வெள்ளைக் கோடு. மூச்சு விடும்போதும் இழுக்கும்போதும் அந்தக் கோடு இப்படியும் அப்படியும் மெல்ல நகரும். அதற்குக் கீழே, சம இடைவெளியில், படுக்கைவாட்டில் மங்கலான சில கோடுகள் வரும். இவற்றை ஏ கோடுகள் என்கிறோம். உறை 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் இந்தக் கோடுகள் 4, 6 சென்டிமீட்டர் ஆழங்களில் விழும். ஏனென்றால் அவை நுரையீரலுக்குள் இருக்கும் எந்தப் பொருளின் உருவமும் அல்ல. ஒலி உறைக்கும் கருவிக்கும் இடையே திரும்பத் திரும்ப மோதுவதால் வரும் மறுபதிப்புகள். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே திரையில் தெரிவதையெல்லாம் நுரையீரலின் உட்புறம் என்று நினைத்துக்கொள்வது பழகாத கண்ணுக்கு எளிதில் நேரும் பிழை. படத்தைக் காட்டி விளக்குகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையான விளக்கம் ஆகாது.

காற்று என்ற தடை இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அளவு என்ற இரண்டாவது தடை நிற்கிறது. மார்பு ஸ்கேனுக்குப் பயன்படும் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். அதைவிட நுணுக்கமான விவரத்தை அந்த ஒலியால் பிரித்துக் காட்ட இயலாது. ஆஸ்துமா அதிகமாகப் பாதிக்கும் சிறு மூச்சுக்குழாய்களின் உள்விட்டமே 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவற்றின் சுவர் அதிலும் ஒரு சிறு பங்கு. வீக்கத்தால் கூடும் தடிமன் அந்தச் சுவரிலும் ஒரு பங்கு. இதை வெளியிலிருந்து அளந்து சொல்வதாக யாராவது கூறினால், எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் மகளுக்கு அந்த ஸ்கேனை எடுத்தால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடலாம். நகரும் உறையும் ஏ கோடுகளும் தெரியும். இயல்பாக இருக்கிறது என்று அறிக்கை வரும். நுரையீரலின் மேற்பரப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் அதே அறிக்கைதான் இரவெல்லாம் இளைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் பெரும்பாலும் வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் இன்ஹேலரை நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

சிடி ஸ்கேனில் பெரிய, நடுத்தர மூச்சுக்குழாய்களின் சுவர்த் தடிமனையும், குழாயை அடைத்து நிற்கும் சளிக்கட்டிகளையும் காண முடியும். கடுமையான ஆஸ்துமாவை ஆராய்கிறவர்கள் அதை அளவிடுகிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் வேறு நோய் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அது உதவுகிறது. ஆனால் அதன் கதிர்வீச்சு சாதாரண மார்பு எக்ஸ்ரேயைப் போலப் பல பத்து மடங்கு. ஓடியாடிக்கொண்டிருக்கும் 11 வயதுக் குழந்தைக்கு, மருந்தைக் குறைக்கலாமா என்று முடிவுசெய்வதற்காக மட்டும் அதை எடுக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில்: இரவுப்பணி (அவசர சிகிச்சை மருத்துவர்)

மேலே கதிரியல் மருத்துவர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் சிலர், ஆஸ்துமா நோயாளிக்கு அல்ட்ராசவுண்டே வீண் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் இன்னொரு பக்கத்தையும் எழுதுகிறேன். மூச்சுத் திணறலோடு வருகிறவரிடம் நாங்கள் இந்தக் கருவியை அன்றாடம் பயன்படுத்துகிறோம். வீக்கத்தைப் பார்ப்பதற்காக அல்ல. இளைப்புக்குக் காரணம் ஆஸ்துமாதானா, வேறு ஏதாவதா என்று பிரித்தறிவதற்காக.

பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிச்டன்ஸ்டைன், மெசியேர் என்பவருடன் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. கடும் மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 260 நோயாளிகளின் நுரையீரலைப் படுக்கையருகிலேயே ஸ்கேன் செய்து, தெரிந்த வடிவங்களை வைத்துக் காரணத்தைக் கணித்தார்கள், 90.5 சதவீதம் பேருக்கு அந்தக் கணிப்பு சரியாக இருந்தது. ப்ளூ நெறிமுறை என்று இன்று நாங்கள் குறிப்பிடுவது அதைத்தான். அதில் ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் ஒதுக்கப்பட்ட வடிவம் எது தெரியுமா? நகரும் உறையும் ஏ கோடுகளும் கொண்ட, நலமான நுரையீரலின் படத்தையே ஒத்த வடிவம். நோயாளி திணறுகிறார், ஸ்கேனோ இயல்பாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு மூச்சுக்குழாய்க்குள் இருக்கக்கூடும் என்பதுதான் தர்க்கம்.

மாறாக, உறையிலிருந்து திரையின் அடிவரை செங்குத்தாக இறங்கும் பி கோடுகள், ஒரு விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ, இரு பக்கமும் பல இடங்களில் தெரிந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள்படும். இதயம் பலவீனமான முதியவர்களுக்கு இதனால் வரும் இளைப்பைக் காதால் மட்டும் கேட்டு ஆஸ்துமா என்று கருதிவிட வாய்ப்புண்டு. அவர்களுக்கு வேண்டிய சிகிச்சை முற்றிலும் வேறு. நுரையீரலின் ஒரு பகுதி கல்லீரலைப் போல் கெட்டியாகத் தெரிந்தால் நிமோனியாவையோ, சளியடைப்பால் சுருங்கிய பகுதியையோ நினைக்கிறோம். உறை நகரவே இல்லை என்றால் நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து அதை அமுக்குகிறதா என்று தேடுகிறோம். கடும் ஆஸ்துமாத் தாக்குதலில் இந்தக் காற்றுக்கசிவு அரிதாக நேரும்; நேர்ந்தால் நிமிடங்களில் உயிர் போகக்கூடும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. காற்று வெளியேற முடியாமல் நுரையீரல் அளவுக்கு மீறி விரிந்து நிற்கும் ஆஸ்துமா நோயாளியிடம் உறையின் நகர்வு தானாகவே மிகக் குறைந்திருக்கும். அதைக் காற்றுக்கசிவு என்று எண்ணி மார்பில் ஊசி செருகிவிடக் கூடாது. நகரும் உறையும் நகராத உறையும் சந்திக்கும் புள்ளியைக் கண்ணால் கண்டால்தான் உறுதிப்படுத்துவோம்.

இன்னொன்று. ஸ்கேன் இயல்பாக இருப்பதற்கும் தாக்குதல் லேசாக இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஸ்டெத்தஸ்கோப்பில் இளைப்புச் சத்தமே கேட்காத அளவுக்குக் காற்றோட்டம் நின்றுபோன, உயிருக்குப் போராடும் நோயாளியிடமும் ஏ கோடுகள் அழகாகத் தெரியும். அந்த நேரத்தில் நாங்கள் நம்புவது அவரால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிறதா என்பதையும், மூச்சு வேகத்தையும், ஆக்சிஜன் அளவையும், முகத்தில் தெரியும் சோர்வையும்தான்.

நம் நாட்டில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எந்த அல்ட்ராசவுண்ட் கருவியையும் பதிவு செய்தாக வேண்டும். நுரையீரலுக்கு மட்டும் பயன்படுத்துவதாக இருந்தாலும் இதுவே நடைமுறை. சட்டத்தின் தேவையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் சிறிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தக் கருவி பரவலாகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதைப் பதிவு செய்கிறேன்.

பதில்: மூச்சியல் (நுரையீரல் மருத்துவர்)

வெளியிலிருந்து பார்க்க முடியாது என்பது சரி. உள்ளேயிருந்து பார்க்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். இணையத்தில் அல்ட்ராசவுண்டையும் ஆஸ்துமாவையும் இணைத்து வரும் செய்திகளில் ஒரு பகுதி இதிலிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

மூச்சுக்குழாய் உள்நோக்கி எனப்படும் பிராங்கோஸ்கோப்பின் வழியாக, நுனியில் சுழலும் சிறு அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய மெல்லிய கம்பியைச் செலுத்தும் முறை 1990-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அது பயன்படுத்தும் ஒலி 20 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 0.08 மில்லிமீட்டருக்கும் குறைவு. காற்றுத் தடையை நீக்க, கம்பியின் நுனியைச் சுற்றியுள்ள சிறு பலூனில் நீரை நிரப்பிக் குழாயின் சுவரோடு ஒட்ட வைக்கிறார்கள். அப்போது குழாயைச் சுற்றி வட்டமாக ஒரு படம் கிடைக்கும். அதில் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வளையங்கள் தெரியும். குருத்தெலும்பு உள்ள மூச்சுக்குழாயில் இவை ஐந்து அடுக்குகள் என்று ஜப்பானைச் சேர்ந்த குரிமோட்டோவும் அவருடைய குழுவினரும் 1999-இல் திசுக்களோடு ஒப்பிட்டு விளக்கினார்கள். உள்ளிருந்து வரும் முதல் இரண்டு அடுக்குகள் சளிச்சவ்வும் அதன் அடித்திசுவும். அடுத்த மூன்றும் குருத்தெலும்பின் உள் எல்லை, குருத்தெலும்பு, அதன் வெளி எல்லை. போலந்தின் கிராக்கோவ் நகர ஆய்வாளர்கள் 2009-இல் இதே கருவியால் ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சுவரை அளந்து, சிடி ஸ்கேன் அளவுகளோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஆஸ்துமா உள்ளவர்களின் சுவர் தடித்திருப்பதை அடுக்கடுக்காக அளக்க முடிந்தது. அதை ஒரு நல்ல ஆராய்ச்சியாகவே மதிக்கிறேன்.

ஆனால் சகோதரி, உங்கள் கேள்விக்கு அதுவும் விடை தராது. முதற்காரணம், இது மயக்கமருந்தோ தூக்கமருந்தோ கொடுத்துச் செய்ய வேண்டிய பரிசோதனை. எளிதில் எரிச்சலடையும் ஆஸ்துமா மூச்சுக்குழாய்க்குள் கருவியை நுழைப்பதே சுருக்கத்தைத் தூண்டிவிடலாம். நலமாக இருக்கும் குழந்தைக்கு இதை யாரும் செய்ய மாட்டார்கள். அடுத்து, கம்பியின் பருமனே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதாலும், பலூனும் சேர்வதாலும், அது எட்டக்கூடியது பெரிய குழாய்களை மட்டுமே. பலூன் அழுத்தும்போது மென்மையான உட்சுவர் சற்றுத் தட்டையாகிவிடுவதால் அளவும் மாறக்கூடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வேறு. தடிமன் வேறு, அழற்சி வேறு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்ச் சுவர் தடிப்பதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன: இரத்தநாளங்களிலிருந்து கசிந்த நீர், வந்து குவிந்த ஈசினோபில் முதலிய வெள்ளையணுக்கள், பருத்த சளிச்சுரப்பிகள், பெருகிய வழுவழுப்புத் தசை, சவ்வுக்கு அடியில் படிந்த நார்த்திசு. இவற்றில் முதல் இரண்டும் ஸ்டீராய்டு இன்ஹேலரால் நாட்களிலும் வாரங்களிலும் வடிந்துவிடும். தசையும் நாரும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கக்கூடியவை. படத்தில் 2 மில்லிமீட்டர் என்று தெரிந்தால் அதில் எவ்வளவு வடியக்கூடிய வீக்கம், எவ்வளவு நிலைத்துவிட்ட தடிப்பு என்று ஒலி பிரித்துச் சொல்லாது. ஒளியைப் பயன்படுத்தி ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் வரை நுணுக்கமாகப் படமெடுக்கும் ஓசிடி என்ற முறைகூட அடுக்குகளைத் தெளிவாகக் காட்டுகிறதே தவிர, மருந்தைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு நேரடியாக விடை சொல்வதில்லை. இன்ஹேலரின் அளவை முடிவுசெய்வதற்குத் தேவைப்படுவது சுவரின் உருவம் அல்ல, அது இன்று எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான்.

பதில்: தொண்டைக்குழி (மயக்கவியல் மருத்துவர்)

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். சுவாசப்பாதையின் வீக்கத்தை வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டில் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டு, அது கழுத்து. குரல்வளை தோலுக்கு அருகிலேயே இருப்பதால் அதன் சுவரும் குரல் நாண்களும் நன்றாகத் தெரியும். குழந்தைகளிடமும் பெண்களிடமும் குரல்வளைக் குருத்தெலும்பு கால்சியம் படியாமல் இருப்பதால் இன்னும் தெளிவாகத் தெரியும். செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டிருந்த நோயாளிக்கு அதை எடுக்கும்முன், குழாயின் பலூனைத் தளர்த்திவிட்டுக் குரல்வளையில் காற்று செல்லும் அகலத்தை நாங்கள் அளப்பதுண்டு. அகலம் போதிய அளவு கூடவில்லை என்றால் உள்ளே வீக்கம் இருக்கலாம் என்று எச்சரிக்கையாகிறோம். இங்கேயும் காற்றுக்கு அப்பால் இருக்கும் பின்சுவர் தெரியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருக்கிறது. இன்ஹேலர் எவ்வளவு எடுத்தும் சரியாகாத ஆஸ்துமா என்று அனுப்பப்படும் வளரிளம் பருவத்தினரில் சிலருக்கு உண்மையில் இருப்பது குரல் நாண்களின் கோளாறு. மூச்சை உள்ளிழுக்கும்போது விரிய வேண்டிய நாண்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். ஓடும்போது வரும், தொண்டையில் இறுக்கமாகத் தோன்றும், மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்கும், நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இவர்களிடம் நாண்களின் அசைவைக் கழுத்து ஸ்கேனில் ஓரளவு காணலாம். ஆனால் உறுதிசெய்வதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தி, அறிகுறி இருக்கும் நேரத்தில் பார்ப்பதுதான் சரியான வழி. கயல் அவர்களின் மகள் மருந்தில் நன்றாக இருப்பதால் இது அவருக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. மருந்தில் தேறாத பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இங்கே வந்து படித்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதினேன்.

மறுமொழி: கயல்

நான்கு பேரும் நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. ஜெல் தடவுவதற்கான காரணத்தைச் சொன்னதும் வீட்டில் பெரியவர்களுக்கே விஷயம் விளங்கிவிட்டது. என் மாமனார் அந்தத் துண்டறிக்கையை இன்னொரு முறை வாங்கிப் படித்துவிட்டு, அந்த மையத்துக்குப் போக வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. சுவர் இன்று எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும் என எழுதியிருக்கிறீர்கள். அதை எந்தப் பரிசோதனையால் பார்ப்பது? எங்கள் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது நான் எதைக் கேட்க வேண்டும்? ஸ்டீராய்டைக் குறைப்பதற்கான பேச்சை எடுத்தால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: மூச்சியல் (நுரையீரல் மருத்துவர்)

தயங்க வேண்டாம், சகோதரி. குறைந்த அளவு மருந்தில் நோயைக் கட்டுக்குள் வைப்பது உங்கள் விருப்பம் மட்டுமல்ல, எங்கள் சிகிச்சை முறையின் நோக்கமும் அதுவே. உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினாவின் பரிந்துரைப்படி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் நோய் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் அளவைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம்; ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு அளவில் 25 முதல் 50 சதவீதம் வரை குறைத்து, மறுபடியும் சில மாதங்கள் கவனிக்க வேண்டும். தேர்வுக்காலம், பயணம், சளிக்காய்ச்சல் பரவும் பருவம் ஆகியவற்றில் குறைக்கத் தொடங்கக் கூடாது. படிப்படியாகக் குறைப்பது வேறு, வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்துவது வேறு. இரண்டாவதைச் செய்த பிள்ளைகள்தான் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

பரிசோதனைகளில் அழற்சிக்கு மிக அருகில் இருப்பது, வெளிவிடும் மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் ஃபீனோ பரிசோதனை. மூச்சுக்குழாய்ச் சவ்வில் ஈசினோபில் வகை அழற்சி இருந்தால் இந்த வாயு கூடுதலாகச் சுரக்கும். குழந்தை ஒரு குழாயில் சீராகச் சில வினாடிகள் ஊத வேண்டும், அவ்வளவுதான். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூறு கோடிப் பங்கு காற்றில் 20 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 35-க்கு மேல் இருந்தால் அதிகம் என்றும் கொள்கிறோம். பெரியவர்களுக்கு இந்த எல்லைகள் 25, 50. ஒவ்வாமையால் வரும் மூக்கொழுகல் இருந்தால் இது கூடும். நைட்ரேட் மிகுந்த கீரைகளைச் சாப்பிட்ட பின்பும் கூடும். ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தால் இறங்கும். எனவே ஒற்றை எண்ணைவிட, ஒரே குழந்தைக்கு மாதக்கணக்கில் எடுத்த எண்களின் போக்கே அதிகம் பேசும். எல்லா ஊர்களிலும் இது கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் இரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை ஓரளவு துணை செய்யும். ஆனால் நம் பகுதியில் குடற்புழுவும் அதைக் கூட்டிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அழற்சியின் விளைவை அளப்பது ஸ்பைரோமெட்ரி. 11 வயதுக் குழந்தை இதை நன்றாகவே செய்வாள். ஆழமாக இழுத்து, முழு வேகத்தில் ஊதி, நுரையீரல் காலியாகும்வரை விடாமல் தள்ள வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறியது என்பதைப் பார்த்துவிட்டு, குழாய்களைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வோம். 12 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால், நன்றாக இருப்பதாகத் தோன்றும் குழந்தையின் குழாய்களிலும் தளரக்கூடிய சுருக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று தெரிகிறது. அப்படித் தெரிந்தால் நான் குறைப்பதைத் தள்ளிப்போடுவேன். பரிசோதனைக்கு முன் குறைந்தது நான்கு மணி நேரம் சால்பியூட்டமால் எடுக்காமல் இருக்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் ஃபார்மோடெரால் போன்ற மருந்து இன்ஹேலரில் கலந்திருந்தால் ஒரு நாள் இடைவெளி வேண்டும். எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி இருந்தால் எதையும் நிறுத்த வேண்டாம். பரிசோதனையைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை வாங்கி, காலையும் மாலையும் மூன்று முறை ஊதச் சொல்லி, மூன்றில் உயர்ந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். நின்றபடி, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, உதடுகளை இறுக்கி மூடி ஊத வேண்டும். நாக்கு துளையை மறைக்கக் கூடாது. இதைத் தொடர்ந்து எழுதினால் அவளுடைய சிறந்த அளவு எது என்பது தெரிந்துவிடும். மருந்தைக் குறைத்த பிறகு காலை எண் அந்த அளவிலிருந்து தொடர்ந்து இறங்கினாலோ, காலைக்கும் மாலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு கூடிக்கொண்டே போனாலோ, இருமல் தொடங்குவதற்கு முன்பே அந்த நோட்டு உங்களுக்குச் சொல்லிவிடும். அந்த நோட்டையும் ஸ்பேசரையும் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவள் மருந்தை எடுக்கும் விதத்தை அவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு, ஃபீனோவோ ஸ்பைரோமெட்ரியோ எடுத்துவிட்டு அளவைக் குறைப்பதற்கு ஒரு தேதி குறிக்கலாமா என்று கேளுங்கள்.